தக்காளியின் சிவப்பு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 63 வயதில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் வந்தது, உங்களுக்கு இப்போது 43 வயது. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் (செல்களைச் சிதைக்கும் வீரிய ஆக்ஸிஜனை அடக்கும் பொருள்) அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் என்று யாரோ சொல்ல, ஆறு மாதமாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் மூன்று பழுத்த தக்காளியைப் பச்சையாகச் சாப்பிட்டு வருகிறீர்கள். இது போதுமா, லைகோபீன் மாத்திரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தக்காளியின் நன்மைகளை வரிசையாக எழுதிவிட்டால் இதற்குப் பதில் சொன்னதாகாது. அப்பாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில், பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்றைத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பயத்தையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

நான் உணவியல் படித்தவள். இருபது வருடத்துக்கு மேலாக நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். புற்றுநோய் மருத்துவர் அல்ல. உங்களுக்கு நோய் வருமா வராதா என்று என்னால் சொல்ல முடியாது. தக்காளி விஷயத்தில் எது உறுதி, எது இன்னும் இழுபறியில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தக்காளியை விடாதீர்கள், ஆனால் அதைச் சமைத்து, கொஞ்சம் எண்ணெயோடு, சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடுங்கள். மாத்திரை வேண்டாம். அப்புறம், தக்காளி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி மருத்துவரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் பழத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 100 கிராம் தக்காளியில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீர். அதிலிருந்து கிடைப்பது 18 கலோரிதான். மிச்சமிருக்கும் ஐந்து கிராமுக்குள்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கின்றன. வைட்டமின் சி சுமார் 14 மில்லிகிராம், பொட்டாசியம் 240 மில்லிகிராம் அளவுக்கு, பீட்டா கரோட்டின் அரை மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு, தோலில் ஃபிளேவனாய்டு வகைப் பொருட்கள் சில, அப்புறம் எல்லோரும் பேசும் லைகோபீன் இரண்டரை மில்லிகிராம் அளவுக்கு. ரகத்தையும் பழுத்த விதத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். நீங்கள் சாப்பிடும் மூன்று பழங்கள் 350 கிராம் எடை இருந்தால், 50 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளே போகிறது. வளர்ந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதில் பாதிக்கு மேல் அது. இந்த நன்மையில் எந்தச் சந்தேகமும் இல்லை. யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தமே உண்டு.

லைகோபீன்தான் தக்காளியின் சிவப்பு. காய் பழுக்கும்போது பச்சையம் சிதைந்து மறைய, அந்த இடத்தில் இது சேர்ந்துகொண்டே வரும். 40 கார்பன் அணுக்கள் கோத்த ஒரு நீளமான சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 11 இரட்டைப் பிணைப்புகள் ஒன்று விட்டு ஒன்றாக அமைந்திருக்கின்றன. நீலத்தையும் பச்சையையும் அந்த அமைப்பு விழுங்கிக்கொள்வதால் நம் கண்ணுக்குச் சிவப்பு தெரிகிறது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினுக்கும் இதற்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான். செடிக்குள் லைகோபீனின் இரண்டு முனைகளும் வளையமாக மூடிக்கொண்டால் அது பீட்டா கரோட்டின் ஆகிவிடும். அந்த வளையம் இல்லாததால் நம் உடம்பால் லைகோபீனிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்க முடியாது. ஆகவே, தக்காளியின் சிவப்பு கண்ணுக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அந்தப் பெருமை அதில் கொஞ்சமாக இருக்கும் பீட்டா கரோட்டினுக்குத்தான் சேர வேண்டும்.

இதன் இன்னொரு குணத்தை உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். சமைத்த தக்காளியை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு நாள் வைத்துவிட்டுக் கழுவிப் பாருங்கள். டப்பாவின் உட்புறம் ஆரஞ்சு நிறத்தில் கறை பிடித்திருக்கும். தண்ணீர் விட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதே கறையின் மேல் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டு, காகிதத்தால் நன்றாகத் துடைத்தால் காகிதத்தில் நிறம் ஏறும். லைகோபீனுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்தான் ஆகும். குடலிலும் இதே கதைதான். சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் லைகோபீன் அதில் கரைந்து, பித்தநீரின் உதவியோடு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும். 2004-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தக்காளியும் கேரட்டும் கீரையும் சேர்ந்த சாலட்டைச் சிலருக்குக் கொழுப்பே இல்லாமலும், வேறு நாட்களில் எண்ணெய் சேர்த்தும் கொடுத்து ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கொழுப்பில்லாமல் சாப்பிட்ட நாட்களில் அந்த நிறமிகள் ரத்தத்தில் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தன. வெறும் வயிற்றில் நீங்கள் சாப்பிடும் அந்த மூன்று தக்காளியை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். வைட்டமின் சி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. எதற்காக இந்தப் பழக்கத்தைத் தொடங்கினீர்களோ அந்த லைகோபீனில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியே போயிருக்கும்.

எண்ணெய் மட்டும் போதாது, சூடும் வேண்டும். சமைக்காத தக்காளியில் லைகோபீன், செல்களுக்குள் சிறு படிகங்களாகச் சிக்கிக் கிடக்கிறது. வெட்டினாலும் மென்றாலும் அது முழுதாக வெளியே வராது. சூடுபடுத்தும்போது செல் சுவர் குழைந்து அதை விடுவிக்கிறது. நேராக நீண்டிருக்கும் சங்கிலிகளில் ஒரு பகுதி, எண்ணெயோடு சூடாகும்போது வளைந்த வடிவத்துக்கு மாறுகிறது. வளைந்த வடிவத்தைத்தான் குடல் எளிதாக ஏற்றுக்கொள்கிறது. பழத்தில் இருப்பது அநேகமாக எல்லாம் நேர்வடிவம், மனித ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் வளைந்த வடிவம். 1997-இல் ஒரே அளவு லைகோபீனைப் சமைக்காத தக்காளியாகவும், தக்காளி விழுதாகவும், இரண்டிலும் எண்ணெய் சேர்த்துக் கொடுத்து ஒப்பிட்டார்கள். விழுது சாப்பிட்டபோது உடம்பு ஏற்ற மொத்த அளவு ஏறக்குறைய நான்கு மடங்கு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-இல் செய்த சோதனையில், தக்காளியை 88 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியதும் வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது. அதே நேரத்தில், பிரித்தெடுக்கக்கூடிய லைகோபீன் இரண்டரை மடங்குக்கு மேல் போனது. சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தக்காளியில் அது பாதி உண்மைதான்.

சரி, லைகோபீன் ரத்தத்துக்குள் போய்விட்டது. அங்கே என்ன செய்கிறது? இங்கிருந்துதான் உறுதி குறைய ஆரம்பிக்கிறது. சோதனைக் குழாயில் லைகோபீன் அசாத்தியமான ஆள். வெளிச்சத்தால் தூண்டப்பட்டு உருவாகும் ஒருவகை வீரிய ஆக்ஸிஜனை அடக்குவதில், உடம்பில் கிடைக்கும் கரோட்டின் வகைகளில் இதுதான் முதலிடம் என்று 1989-இல் காட்டினார்கள். பீட்டா கரோட்டினைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு திறன். விளம்பரங்கள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளம்பின. ஆனால் ரத்தத்தில் லைகோபீன் மிக மிகக் குறைவு. வைட்டமின் சி அதைப்போல் பல பத்து மடங்கு இருக்கிறது, யூரிக் அமிலம் பல நூறு மடங்கு இருக்கிறது. இத்தனை பெரிய கூட்டத்துக்கு நடுவில் இந்தச் சின்ன அளவு லைகோபீன் நேரடியாக ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை செய்துதான் நன்மை தருகிறதா என்று ஆராய்ச்சியாளர்களே கேட்கிறார்கள். அது உடைந்து உருவாகும் துண்டுகள் செல்களுக்குச் சமிக்ஞை கொடுக்கலாம், செல் பெருகும் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பவை எல்லாம் இப்போதைக்கு யூகங்கள். உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை எண்களாக வரிசைப்படுத்திய ஒரு பட்டியலை அமெரிக்க வேளாண் துறை தன் இணையதளத்தில் வைத்திருந்தது. சோதனைக் குழாயில் கிடைத்த அந்த எண்கள் மனித உடம்பில் நடப்பதைக் காட்டவில்லை, விற்பனைக்காகத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012-இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். அந்த எண்களை இன்னும் அட்டையில் அச்சடித்து விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி உங்கள் கேள்வியின் மையம், புராஸ்டேட். இந்த நம்பிக்கைக்குப் பெரிய அடித்தளம் போட்டது 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. மருத்துவத் துறையில் வேலை செய்யும் ஏறத்தாழ 48,000 ஆண்களின் உணவுப் பழக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்து, பல வருடம் பின்தொடர்ந்தார்கள். வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் தக்காளி சேர்ந்த உணவு சாப்பிட்டவர்களுக்கு, ஒன்றரை முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடப் புராஸ்டேட் புற்றுநோய் 35 சதவீதம் குறைவாக இருந்தது. சமைத்த தக்காளிச் சாஸ் சாப்பிட்டவர்களிடம்தான் இந்தத் தொடர்பு அதிகமாகத் தெரிந்தது. மேலே சொன்ன எண்ணெய், சூடு கதையோடு இது நன்றாகப் பொருந்தியதால் எல்லோருக்கும் உற்சாகம். எனக்கும்தான். படிக்கும் காலத்தில் இந்த ஆய்வை வைத்து ஒரு கட்டுரையே எழுதினேன்.

அதற்கப்புறம் வந்தவை அவ்வளவு தெளிவாக இல்லை. சில ஆய்வுகள் ஒத்துப்போயின, சில போகவில்லை. 2007-இல் வெளியான இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு, உணவைக் கேட்டறிவதோடு நிற்காமல் ரத்தத்தில் இருந்த லைகோபீனையே அளந்து பார்த்தது. அதில் லைகோபீனுக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எல்லா ஆதாரங்களையும் பார்த்துவிட்டு 2005-இல் ஒரு முடிவு சொன்னது. வாரத்துக்கு அரை முதல் ஒரு கப் தக்காளியோ தக்காளிச் சாஸோ புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கலாம், ஆனால் அதற்கான ஆதாரம் மிகக் குறைவானது, ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னால் மட்டும் உணவுப் பொருளின் அட்டையில் அப்படி எழுத அனுமதி. லைகோபீனின் பெயரைத் தனியாகச் சொல்லி அப்படி எழுதுவதை அது ஏற்கவில்லை. அடிக்கடி தக்காளி சாப்பிடுகிறவர்கள் பொதுவாக மற்ற காய்கறிகளும் கூடவே சாப்பிடுவார்கள், புகை பிடிப்பது குறைவாக இருக்கலாம், உடல்நலத்தில் அக்கறை காட்டுபவர்களாகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு இதையெல்லாம் கழித்துப் பார்க்கிறார்கள், ஆனாலும் முழுதாகக் கழிக்க முடியாது. எனவே, தக்காளி உதவக்கூடும், அதை நம்பக் காரணம் உண்டு, நிரூபணம் இல்லை. என் மதிப்பீடு இவ்வளவுதான்.

மாத்திரை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. பீட்டா கரோட்டினும் ஒரு காலத்தில் இதே இடத்தில்தான் இருந்தது. அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுகள் சொல்ல, ஃபின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதனை செய்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் அதிகமாகிவிட, பாதியிலேயே நிறுத்தினார்கள். புராஸ்டேட்டுக்கே வருவோம். வைட்டமின் ஈ மாத்திரை தடுக்கும் என்ற நம்பிக்கையில் 35,000-க்கு மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். 2011-இல் வெளியான முடிவில், வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. லைகோபீன் மாத்திரையும் அப்படிக் கெடுதல் செய்யும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. உணவில் நல்லதாகத் தெரிந்த ஒன்றைத் தனியே பிரித்து அதிக அளவில் கொடுத்தபோது, எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். எலிகளில் 2003-இல் செய்த ஒரு சோதனை இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. புராஸ்டேட் புற்றுநோய் தூண்டப்பட்ட எலிகளில் ஒரு பகுதிக்கு முழுத் தக்காளிப் பொடி, இன்னொரு பகுதிக்குத் தனி லைகோபீன் கொடுத்தார்கள். பொடி தின்ற எலிகள் அந்தப் புற்றுநோயால் இறந்தது குறைவு. தனி லைகோபீனால் அப்படிப்பட்ட தெளிவான பலன் தெரியவில்லை. எலியை வைத்து மனிதனுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனாலும் மாத்திரைக்குப் பணம் கொடுக்கும் முன் இதை யோசிக்கலாம்.

இதயத்தைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஃபின்லாந்தில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட ஆண்களை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் லைகோபீன் அதிகம் இருந்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. இதுவும் பார்த்துக் குறித்த தொடர்புதான், காரணம் என்று முடிவுகட்ட முடியாது. விதையைச் சுற்றி வழவழப்பாக இருக்கிறதே, அந்த நீரில் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கும் பொருட்கள் இருக்கின்றன. தக்காளியிலிருந்து எடுத்த அப்படி ஒரு சாற்றுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் சாதகமான கருத்துச் சொன்னது. லைகோபீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவை தண்ணீரில் கரைபவை. தோலுக்கு என்று பார்த்தால், தினம் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு பத்து வாரம் சாப்பிட்ட ஒரு சிறு குழுவினருக்குப் புறஊதாக் கதிரால் தோல் சிவப்பது 40 சதவீதம் குறைந்தது. வெயிலில் போகும்போது தோலை மூடிக்கொள்வதற்கு இது மாற்று ஆகாது.

யாருக்கு எச்சரிக்கை தேவை என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர். ரத்தம் சுத்தமாகும் என்று எங்கோ கேட்டுவிட்டுக் காலையும் மாலையும் தக்காளிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். பரிசோதனையில் பொட்டாசியம் கவலைப்படும் அளவுக்கு ஏறியிருந்தது. "நல்லதுதானேம்மா, பழம்தானே" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவருடைய சிறுநீரகத்தால் அந்தப் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியவில்லை, அவ்வளவுதான். விழுது இன்னும் அடர்த்தியானது, 100 கிராமில் ஒரு கிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவு கேட்காமல் கூட்டக் கூடாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குத் தக்காளியின் புளிப்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதுவும் வெறும் வயிற்றில். தக்காளி விதையால் சிறுநீரகக் கல் வரும் என்ற பயத்தை மட்டும் விட்டுவிடுங்கள், கல்லுக்குக் காரணமான ஆக்ஸலேட் தக்காளியில் குறைவு. மிக அதிகமாகச் சாப்பிட்டால் தோல் ஆரஞ்சு நிறமாகலாம். பல வருடமாகத் தினம் இரண்டு லிட்டர் அளவுக்குத் தக்காளிச் சாறு குடித்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஆனதை 1960-இல் ஒரு மருத்துவக் குறிப்பு பதிவு செய்தது. நிறுத்தியதும் நிறம் மாறிவிட்டது.

இனி உங்கள் மூன்று தக்காளி. நன்றாகச் சிவந்த பழங்களாக எடுங்கள். செங்காயாக இருந்தால் குளிர்பெட்டியில் வைக்காமல் வெளியிலேயே பழுக்க விடுங்கள், ஆனால் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் போனால் லைகோபீன் உருவாவது தடைபட்டுப் பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். தோலோடு நறுக்கி, ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெயில், குழைந்து எண்ணெயே சிவக்கும்வரை வதக்குங்கள். அந்த நிறம் எண்ணெய்க்கு மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நாம் வேண்டுவது அதைத்தான். தினமும் கட்டாயம் இல்லை, லைகோபீன் ரத்தத்தில் சில நாட்கள் தங்கும். வாரத்தில் நான்கைந்து நாள் சாப்பாட்டோடு சேர்ந்து வந்தால் போதும். பச்சையாகச் சாப்பிடப் பிடித்திருந்தால் அதையும் சாப்பிடுங்கள், வைட்டமின் சிக்கு அதுதான் நல்லது. பாட்டிலில் வரும் கெட்சப்பில் லைகோபீன் நிறைய உண்டு, கூடவே சர்க்கரையும் உப்பும் உண்டு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால் ஒருவருக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்றாலும் நிச்சயம் வரும் என்று பொருள் இல்லை, அப்பாவுக்கு இருந்தும் வராமல் இருப்பவர்கள்தான் அதிகம். 65 வயதுக்குள் அப்பாவுக்குக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்ப்பது) ரத்தப் பரிசோதனை பற்றி 45 வயதிலேயே மருத்துவரிடம் பேசச் சொல்கிறது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் இப்போதே போய்ப் பேசினால் தவறில்லை. அந்தப் பரிசோதனைக்கும் நன்மை தீமை இரண்டும் உண்டு, அதை எடைபோட்டுச் சொல்ல வேண்டியவர் சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்). போகும்போது அப்பாவின் பழைய மருத்துவ அறிக்கைகளை எடுத்துக்கொண்டு போங்கள். பெரியப்பா, சித்தப்பாக்களில் வேறு யாருக்காவது இருந்ததா, அம்மா வழியிலோ அப்பா வழியிலோ பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்ததா என்று வீட்டில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில குடும்பங்களில் இவை ஒரே மரபணுவால் சேர்ந்து வருகின்றன, மருத்துவர் அதை முதலில் கேட்பார்.